டிரைவருக்காக ஒரு மெழுகுவத்தி

...இல்லக்கா, தப்பு எம்மேல இல்லவே இல்ல. எல்லாம் அந்த கெர்னல். கெர்னல்கூட பரவாயில்ல, அந்த டிரைவர் இருக்கே! அத எழுதினவன் மட்டும் என் கைல கெடச்சான்னா... சரி, கோயில்ல நின்னுக்கிட்டு வேணாம். சர்ச்சுல. எல்லாம் ஒண்ணுதான். நீங்க முன்னாடி போங்க, லைன் நவுருது. நவுரலையா? சரி, நில்லுங்க. வியாழக்கெழமன்னா இப்படித்தான், விவேக் நகர் பூரா இங்கதான் நிக்கும். பத்தாததுக்கு மர்பி டவுன்லேர்ந்து நான் வேற வந்து சேந்துட்டேன்.

டிரைவர்ன்னதும் டக்குனு திரும்பிப் பாத்தீங்க பாருங்க! அந்த டிரைவர் இல்லக்கா. வண்டி ஓட்டற டிரைவர் இல்ல. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது. எப்படிச் சொல்றது... நீங்க வாடக வீடுதான? ஆங். வீட்டு ஓனரு கன்னடம் பேசுவாரு. உங்களுக்குத் தமிழு. நடுவுல ஒரு புரோக்கர் ரெண்டு பாஷயும் பேசிக்கிட்டுத் திரிவான் இல்ல? அவன்தான் டிரைவர். ஓனரு கெர்னல். உள்ள எது நடந்தாலும் அவரக் கேட்டுத்தான் நடக்கணும். டிஸ்க்குன்னா அலமாரின்னு வெச்சுக்கங்க, சாமானெல்லாம் அதுலதான். ஓனருக்கு அலமாரிலேர்ந்து ஒரு சாமான் வேணும்னா, புரோக்கர்தான் பேசி வாங்கிக் குடுக்கணும். இப்ப புது ஓனரு வந்திருக்காரு. புரோக்கர் வாயத் தொறக்க மாட்டேங்கறான். அவ்ளோதான் கத. இதுக்குத்தான் நான் ஆயுத பூஜலேர்ந்து சோறு தண்ணி இல்லாம... இல்ல, சோறு சாப்ட்டேன். சும்னே ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

எம்பேரு முனியப்பன். ஆபீசுல எல்லாருக்கும் முனி சார். எங்க மொதலாளியம்மாவுக்கு மட்டும் முனி அங்கிள். தாரணின்னு பேரு, எங்க பொண்ணவிட ரெண்டு வயசு பெரியவங்க, அவ்ளோதான். அங்கிள்ன்னு கூப்பிட்டுட்டா என்ன வேல வேணும்னாலும் சொல்லலாம் பாருங்க. "அங்கிள், இது ஒண்ணு மட்டும்." "அங்கிள், லாஸ்ட்டா ஒண்ணு." அந்த லாஸ்ட்டு வந்து நான் பாத்ததே இல்ல.

அல்சூர்ல ஏரிக்குப் பின்னாடி, மாடில, அதான் ஆபீசு. கல்யாண போட்டோ, கல்யாண வீடியோ, அதப் பத்திரமா வெச்சுக்கற கம்பெனி. ஓசூரு, கோலாரு, கிருஷ்ணகிரின்னு அங்கங்க ஸ்டுடியோக்காரங்க எடுக்கறதெல்லாம் எங்க சர்வர்லதான் வந்து உக்காரும். சர்வர்ன்னா பெரிய கம்ப்யூட்டரு, ராத்திரி பகலு ஓடிக்கிட்டே இருக்கும். பொண்ணும் மாப்ளயும் ஆல்பம் பாக்கணும்னா எங்ககிட்டேர்ந்துதான் போவணும். எத்தன தாலி, எத்தன பந்தி, எத்தன மாமனாரு மொறச்சிக்கிட்டு நிக்கற மூஞ்சி! அத்தனைக்கும் காவல் யாரு? நான். நானும் அந்த சர்வரும். இப்ப அது படுத்துடுச்சு. நேத்து கோலார்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, "எங்க கல்யாணத்த எங்க சார் வெச்சிருக்கீங்க"ன்னு அழுவுது. நான் என்னமோ அது தாலிய வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்ட மாதிரி!

நவுருது, நவுருது, போங்க. அந்தக் கொடைய மடக்கச் சொல்லுங்க முன்னாடி நிக்கறவங்கள, கண்ணக் குத்துது.

எதுக்குக்கா இந்த அப்கிரேட்டு? நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு. "பழைய சிஸ்டத்துக்கு சப்போர்ட் முடிஞ்சுடுச்சு அங்கிள், எவனாவது உள்ள பூந்துடுவான், புதுசு போட்டுடுங்க"ன்னாங்க. எவன் பூருவான்? பூந்து என்ன எடுத்துட்டுப் போவான்? கிருஷ்ணகிரிக் கல்யாணத்துல பாயசம் ஊத்தற போட்டோவயா? சொன்னேன். கேக்கல. "ஆயுத பூஜ அன்னிக்கு யாரும் வேல செய்ய மாட்டாங்க, அன்னிக்கே முடிச்சுடுங்க அங்கிள்." யாரும் வேல செய்ய மாட்டாங்களாம், அதனால நான் செய்யணுமாம்! பாத்தீங்களா நியாயத்த?

சரின்னு காலைலயே போயி உக்காந்து பண்ணேன். மெயின் சர்வரு, பக்கத்துலயே பேக்கப் சர்வரு, ரெண்டுத்துக்கும். ஒரு எர்ரர் இல்லக்கா. புது கெர்னல் ஜம்முனு எறங்குச்சு. நானே எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துக்கிட்டேன். முடிச்சு ஆஃப் பண்ணேன். நடுவுல பூஜ, பொரி, சுண்டலு, அது ஒரு பக்கம். அப்பறம் ஆன் பண்ணேன். பண்ணா... டிஸ்க்கக் காணோம்ங்குது! இருக்குங்குது, ஒடனே இல்லங்குது. லிங்க் போச்சு, லிங்க் வந்துச்சு, லிங்க் போச்சு, ஸ்க்ரீன் பூரா அதே வரி ஓடுது. கடசில எமர்ஜென்சி மோடுன்னு போட்டு நின்னுக்குச்சு. எமர்ஜென்சி அதுக்கா எனக்கா?

என்னல்லாம் பண்ணேன்னு கேளுங்க. டிரைவர எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். பழைய டிரைவரத் தேடிப் புடிச்சுப் போட்டேன். எழுதி வெச்சிருக்கற புரோக்ராம எடுத்து நானே புதுசா கம்பைல் பண்ணேன், அதாவது புரோக்கரையே புதுசாப் பெத்து எடுக்கற மாதிரி. பெத்தேன்க்கா! அதுவும் வாயத் தொறக்கல. ஊமையாப் பொறந்திருக்கு.

அப்பறம் இன்னொரு வழி இருக்கு. புது ஓனரு வந்தாலும் பழைய ஓனரு ஒரு மூலைல ரூம் போட்டு இருப்பாரு, ஆன் பண்றப்பவே கூப்பிட்டா வருவாரு. பழைய கெர்னல். இத்தன வருஷமா அந்தப் புரோக்கர்கிட்ட தெனம் பேசிக்கிட்டிருந்தவரு. அவரக் கூப்பிட்டா எல்லாம் சரியாயிடணும். கூப்பிட்டேன். அவருகிட்டயும் பேச மாட்டேங்குது! யோசிச்சுப் பாருங்க, புது ஓனரு வந்த ஒரே நாள்ல பழைய ஓனரையும் கெடுத்து வெச்சிருக்காரு. என்ன பவரு பாருங்க அந்த ஆளுக்கு!

இதெல்லாம் எழுதறவங்க ஒலகம் பூரா இருக்காங்க, மெயில்லயே கூட்டம் போட்டுப் பேசிக்குவாங்க. நானும் ஒரு மெயில் போட்டேன். கொஞ்சம் காட்டமாத்தான் போட்டேன். உங்க டிரைவர் தண்டம், இத எழுதினவருக்கு வேற வேல கெடைக்கலையா, இங்க எத்தன குடும்பம் கல்யாணத்தத் தொலச்சிட்டு நிக்குது தெரியுமான்னு இங்கிலீசுல வாங்கு வாங்குன்னு வாங்கினேன். ஒரு ஜெர்மன்காரன் பதில் போட்டான். அந்த டிரைவர எழுதினதே அவன்தானாம். ரெண்டே வரி. டிரைவர்ல எனக்குத் தப்பு தெரியல, டிஸ்க்கு சரியா உக்காந்திருக்கா, ஒரு தடவ கழட்டி மாட்டிப் பாருங்கன்னு. திரும்பத் திட்டக்கூட இல்ல, மரியாதையா போட்டிருக்கான். அதுதான் இன்னும் கோவம் வந்துச்சு. நேத்து வேலைக்கு வந்தவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றான்!

நான் ஏன் கழட்டணும்? பூஜ போட்டதக்கா. சந்தனம் குங்குமம் வெச்சத அது தானா உதுர்ற வரைக்கும் கை வெக்கலாமா? எங்க தெருவுல ஆட்டோக்காரங்க யாரையாவது கேளுங்க, பூஜ போட்ட வண்டிய ஒரு வாரம் தொடைக்கக்கூட மாட்டாங்க. அந்த ஜெர்மன்காரனுக்கு என்ன தெரியும் இதெல்லாம். அதுவும் இல்லாம, சரியா உக்காரலன்னு அவன் எப்படிச் சொல்லலாம்? ஒவ்வொரு டிஸ்க்கையும் என் கையால நானே உக்கார வெச்சிருக்கேன்!

ஆமாக்கா, கழட்டினேன். பூஜைக்கு. அப்கிரேட் முடிஞ்சு ஆஃப் பண்ணேன்னு சொன்னேன் இல்ல, அப்பதான். ஓடிக்கிட்டிருக்கற மிஷினுக்கு எப்படிப் பொட்டு வெப்பீங்க? வருஷா வருஷம் எங்க ஆபீசுல பூஜ போடற அழக நீங்க பாக்கணுமே. கீபோர்டுல ஒரு பொட்டு, மானிட்டர் மேல ஒரு பொட்டு, ஒரு செல்ஃபி, ஆய்த்து, அவ்ளோதான். சர்வர் ரூமுக்குள்ள ஒருத்தர் வர மாட்டாங்க, குளிருதாம். பாவம் அந்த சர்வரு, வருஷம் பூரா ஒழைக்கறது அது, பூஜ வாங்கிக்கறது கீபோர்டு. இந்த வருஷம்தான் மிஷின் ஆஃப்ல இருக்கே, நானே முன்ன நின்னு மொறப்படி பண்ணிடுவோம்னு எறங்கினேன்.

எங்கப்பா லேத்துப் பட்டறைல இருந்தவரு. லேத்துக்குப் பொட்டு எங்க வெப்பாங்க தெரியுமா? மேல மூடிலயா? கெடயாது. எது இரும்பக் கவ்வுதோ அந்த வாயில வெப்பாங்க. உளிக்கு நுனில. தையல் மிஷினுக்கு ஊசிகிட்ட. எந்த எடம் வேல செய்யுதோ அதான் அதுக்கு மொகம், அங்கதான் பொட்டு. அப்ப டிஸ்க்குக்கு மொகம் எது? எல்லாரும் வெளிய தெரியற பக்கம்ன்னாங்க. வெளிய தெரியறது கைப்பிடிக்கா! அதப் புடிச்சு இழுக்கத்தான் அது. மொகம்ங்கறது உள்ள போற பக்கம். தங்கக் கலர்ல, பொடிப் பொடியா, பால் பல்லு மாதிரி வரிசையா இருக்கும், அவ்ளோ அழகு. அது வழியாத்தான் எல்லாம் போவும் வரும். அத்தன கல்யாணமும் அந்த வாசல் வழியாத்தான் உள்ள போயிருக்கு. அதான் மொகம்ன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

பாக்கெட்டுத் தூள்கூட இல்லக்கா, கட்டைல ஒரசின சந்தனம். கெட்டியா, வழியாத மாதிரி. ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிய எடுத்து, தொடச்சு, அந்தத் தங்கப் பல்லு மேல சந்தனம், அதுக்கு நடுவுல குங்குமம், அப்பறம் மெதுவா உள்ள தள்ளி, லாக் விழற வரைக்கும் அமுக்கினேன். சர்வர மாட்டியிருக்கற ராக்குக்கு சக்கரம் இருக்கு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஒரு உருட்டு உருட்டினேன். பக்கத்துல பேக்கப்புக்கும் அதே மரியாத, ஒரு கொற வெக்கல. அக்கவுண்ட்ஸ்ல பிரபான்னு ஒரு பொண்ணு, கன்னடக்காரங்க, நல்ல பொண்ணு, கண்ண மூடிக் கும்பிட்டுச்சு. இவ்ளோ செஞ்சும் அந்த டிரைவர் இப்படிப் பண்ணிடுச்சேங்கறதுதான் என் ஆதங்கம்.

என்னக்கா ஒரு மாதிரி பாக்கறீங்க? வெயிலா? இப்படி நெழல்ல வாங்க. இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன், அப்பறம் நீங்க சொல்லுங்க.

பேக்கப் என்னாச்சுன்னுதான கேக்க வந்தீங்க? அதுவும் எழுந்திரிக்கல! அச்சு அசலா அதே வியாதி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ரெண்டுத்துக்கும் போட்டது அதே கெர்னல், அதே டிரைவர். தாரணி மேடம்கிட்ட இதத்தான் சொன்னேன். அவங்க கேட்டுட்டு மெதுவா, "பரவால்ல அங்கிள். இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் பாருங்க. இல்லன்னா டேட்டாவ எடுக்கறதுக்குத் தெரிஞ்ச ஆளுங்க வருவாங்க, இனிமே எல்லாத்தையும் கிளவுடுல வெச்சுக்கலாம். நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்க"ன்னாங்க. ரெஸ்ட்டு! திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்க்கா. ரெஸ்ட்டுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அந்த ரூமே இருக்காதுன்னு அர்த்தம். ரூம் இல்லன்னா நான் எங்க உக்கார்றது?

வீட்ல சொல்லல. பயமா இருக்கு. வாயி இவ்ளோ பேசுதே தவிர, உள்ள பயம்தான். இந்த ஊர்ல என் வயசு ஆளுக்கு இன்டர்வியூவுக்குப் போனா வாட்ச்மேனே விசிட்டர் புக்க நீட்ட மாட்டான், யாரையாவது விட வந்திருக்கேன்னு நெனைச்சுக்குவான். எனக்கு அந்த சர்வரத் தவிர ஒண்ணும் தெரியாதுக்கா. அதோட ஃபேன் சத்தத்த வெச்சே அதுக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடுவேன். அது இப்ப சத்தமே இல்லாம கெடக்கு.

அதான் இங்க வந்தேன். நான் இந்த சாமி ஆளு இல்லதான். எங்களுக்கு முனீஸ்வரன். ஆனா ஆயுத பூஜ போட்டதே முனீஸ்வரன் படத்த வெச்சுத்தான, கம்ப்ளெயின்ட அவருகிட்டயே எப்படிக் குடுக்கறது? நான் சரியாத்தான் செஞ்சேன், நீங்க பாத்துக்கலன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அவருக்குக் கோவம் வேற ஜாஸ்தி. சரி, டிபார்ட்மென்ட்ட மாத்திப் பாப்போம்னு இங்க வந்துட்டேன். இந்த சர்ச்சு சாமி சின்னக் கொழந்த, கோவிச்சுக்க மாட்டாரு. வேல ஆனா ரெண்டு பேரும் அப்பறம் பேசிக்கட்டும்.

வந்தாச்சு, வந்தாச்சு. இந்தாங்க, மெழுகுவத்தி ஸ்டாண்டு. நீங்க ஏத்துங்க மொதல்ல. ஐயோ, அப்படி வெச்சா நிக்காதுக்கா. சாயுது பாருங்க. புடிங்க புடிங்க! அமுக்காதீங்க, அமுக்கினா ஒடஞ்சிடும். கொறை உங்க மெழுகுவத்தில இல்ல. அது நல்லாத்தான் இருக்கு. குழிக்குள்ள பாருங்க, யாரோ ஏத்தின பழைய மெழுகு காஞ்சு அப்படியே அடச்சிக்கிட்டு இருக்கு. மேலேர்ந்து பாத்தா உக்காந்த மாதிரிதான் தெரியும், உள்ள ஒட்டாது. நகத்தால அதச் சொரண்டி எடுத்துட்டு வெச்சீங்கன்னா நச்சுனு உக்காரும். உள்ள அந்த மாதிரி ஏதாவது அடச்சிக்கிட்டிருந்தா எப்படிக்கா உக்காரும், நீங்களே சொல்லு...

...

அக்கா.

இதப் புடிங்க ஒரு நிமிஷம், என் மெழுகுவத்திய. போன் எங்க வெச்சேன்... இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல, நெஞ்சு வலியெல்லாம் இல்ல. கட்டைல ஒரசின சந்தனம். கெட்டியா. நாந்தான் கெட்டியா இருக்கணும்னேன். காஞ்சா கல்லு மாதிரி... நீங்க அப்பலேர்ந்து இதத்தான் சொல்ல வந்தீங்களா? ஏன்க்கா, சட்டையப் புடிச்சு இழுத்துச் சொல்லக்கூடாதா? சரி, நான் விட்டாத்தான.

அலோ... பிரபா? முனி சார். எங்க இருக்க? சாப்பாட்ட மூடி வெய்யி. சர்வர் ரூம் சாவி உங்கிட்டதான? தொற. யார் இருக்காங்க பக்கத்துல? மேடமா? அப்ப சிரிச்சுக்கிட்டே போ, எதுவும் ஆவாத மாதிரி. போயிட்டியா? கதவச் சாத்து. வாசல்ல அந்த கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் இருக்கு பாரு, எடுத்துக்க. நல்ல பஞ்சுத் துணி ஒண்ணு. சர்வர் ஆஃப்லதான இருக்கு, லைட் எதுவும் எரியலையே? மொத டிஸ்க்க லாக்க விட்டு இழு. மெதுவா, மெதுவா. பின்பக்கம் பாரு. என்ன இருக்கு? ...என்ன சார் இப்பிடி அப்பியிருக்குன்னு கேக்கறியா? தெரியும்மா. எனக்குத் தெரியும். கும்பிடாத இப்ப! தொடச்சு எடு. பூஜ போட்டதுதான், பாவம் எனக்கு வரட்டும், நீ தொடச்சுடு. அந்தத் தங்கப் பல்லு பளபளன்னு தெரியற வரைக்கும். எல்லாத்தையும் அதே மாதிரி. எது எங்கேர்ந்து எடுத்தியோ அங்கயே வெய்யி.

லைன்லயே இருக்கேன். பண்ணு.

அக்கா, கொஞ்சம் ஓரமா வாங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு வழி விடுவோம். போங்க சார் போங்க, நாங்க அப்பறம் ஏத்திக்கறோம். ஒரு வாரமாக்கா! அந்த ஆள எவ்ளோ திட்டினேன். ஊமன்னேன், தண்டம்ன்னேன். பாவம், புரோக்கர் அந்தப் பக்கம் தொண்ட கிழியக் கத்தியிருக்கான். நான்தான் அவன் வாயில சந்தனத்த வெச்சு அடச்சிட்டேன். பழைய ஓனரையும் அநியாயமா பேசிட்டேன். ஒத்துக்கறதுக்கே வெக்கமா இருக்கு.

ம்... சொல்லு பிரபா. முடிஞ்சுதா? ஹௌதா, நெஜமாவா? ஆன் பண்ணு. ஃபேன் சத்தம் வருதா? போன அதுகிட்ட வெய்யி. ஆங்... ஆங்... அதான், அந்தச் சத்தம்தான். டிஸ்க்கு லைட்டு? பச்சையா? எல்லாமேவா? ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கு, படி. லாகின்னு கேக்குதா? யூசர் நேம் கேக்குதா! தொடாத. எதையும் தொடாத. அந்த எமர்ஜென்சிங்கற வார்த்த எங்கயாவது இருக்கா? இல்லையா? ...இல்லியாம்க்கா! இல்லியாம்!

கேளு பிரபா. பேக்கப்பயும் அதே மாதிரி தொடச்சு வெய்யி. துணிய உன் பேக்ல போட்டுக்க, குப்பத் தொட்டில போடாத. மேடம் கேட்டா முனி சார் வந்து சொல்லுவாருன்னு சொல்லு. என்ன சொல்லுவேனா? அது பஸ்ல வர்றப்ப யோசிச்சுக்கறேன். அந்த கோலார்ப் பொண்ணுக்கு மட்டும் இப்பவே ஒரு போன் போட்டு, உங்க கல்யாணம் பத்திரமா இருக்கும்மான்னு சொல்லிடு.

வெச்சுட்டேன். அக்கா, நான் கெளம்பறேன். ஓடணும். இல்ல இல்ல, மெழுகுவத்தி உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்களே ஏத்திடுங்க. ஆனா என் பேர்ல வேணாம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கேக்கறது? அந்த ஜெர்மன்காரன் பேர்ல ஏத்துங்க. பேரு வாயில நொழையல எனக்கு. டிரைவர்னு சொல்லுங்க போதும். டிரைவர் நல்லா இருக்கணும், அவரு மேல யாரும் சும்மா சும்மா பழி போடக்கூடாதுன்னு வேண்டிக்கங்க.

ஆமா, இவ்ளோ நேரம் நானே பேசிட்டேன், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்கவே இல்ல பாருங்க... பையனா? பஸ் டிரைவரா! டிப்போலயா? நிக்கற வண்டிய பின்னாடி எவனோ வந்து இடிச்சதுக்கு உங்க பையன சஸ்பெண்டு பண்ணிட்டாங்களா? அடக் கடவுளே. அதான் டிரைவர்ன்னதும் அப்படித் திரும்புனீங்களா நீங்க! நான் ஒரு மணி நேரமா உங்க பின்னாடி நின்னுக்கிட்டு டிரைவர் மேலதான் தப்பு, டிரைவர் மேலதான் தப்புன்னு...

நகருங்கக்கா. குடுங்க அந்த ரெண்டு மெழுகுவத்தியையும். பஸ்ஸு போனா போவட்டும். ரெண்டையும் நானே ஏத்தறேன்.